பாட்டிலில் இருந்த பச்சை

பிரஸ்ஸில் எனக்கு இருக்கிற கெட்ட பெயர் பச்சையால் வந்தது. ஏலக்காய் அட்டைப்பெட்டி வேலை வந்தால் போதும், ப்ரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து மெஷின்காரர்களின் உயிரை வாங்குவேன். எங்கள் ஏலக்காய் ஊரான போடியில் சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பச்சை தப்பினால் பெட்டி திரும்பி வந்துவிடும்.

முன்னறையில் டிஜிட்டல் மெஷின், பின்னால் ஆஃப்செட். பத்து இருபது பிரதி என்றால் டிஜிட்டலிலேயே முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் பெட்டி என்றால் ஆஃப்செட்தான். அதற்கு முன்னால் டிஜிட்டலில் ஒரு தாள் எடுத்துக் காட்டிச் சம்மதம் வாங்குவோம். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கும். டிஜிட்டல் மெஷினை அதன் போக்கில் விட்டால் பச்சையைக் கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்துக் கொடுக்கும். ஆஃப்செட்டில் மை அட்டைக்குள் ஊறி, அதே பச்சை ஒரு படி இருண்டுபோகும். ஆகவே பளிச்சென்று காட்டும் செட்டிங்கை அணைத்துவிட்டு, பெட்டி அட்டைக்கான கலர் செட்டிங்கைத் தேர்ந்தெடுத்து, ஆஃப்செட்டில் என்ன வருமோ அதையே டிஜிட்டலும் காட்டும்படி வைப்பேன். அப்புறம் வெயில் ஏறுவதற்குள் வாசலில் தாளை விரித்து, அதன்மேல் நிஜக் காயை வைத்துப் பார்ப்பேன்.

அந்தக் காயைக் கொண்டுவந்து கொடுத்தவர் என் வீட்டுக்காரர். மலைமேல் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலை. சனிக்கிழமை மாலை போடிமெட்டு வழியாக ஜீப்பில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே பிரஸ்ஸுக்கு வருவார். சட்டைப் பையில் ஒரு கைப்பிடி காய் இருக்கும்.

"இந்தா, ஒன் சோலிக்கு" என்று மேசைமேல் கொட்டுவார். நான் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மானிட்டருக்குப் பக்கத்தில் வைப்பேன்.

"வெளிச்சம் படாம வையி. தகர டப்பாவுல போட்டு மூடு. பச்ச போயிரும்."

"போனா என்ன, அடுத்த சனிக்கெழம வேற கொண்டாங்க."

பழைய காயைப் பாயசத்துக்கு எடுத்துக்கொண்டு புதுக் காயை நிரப்புவேன். கண்ணில் படுகிற மாதிரி பாட்டிலை வைத்ததற்கு வேலை ஒரு சாக்கு. வாரம் முழுக்க அவருடையது என்று என் முன்னால் இருந்தது அது ஒன்றுதான். இதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, ஸ்டோரிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அதற்கு முந்தின சனிக்கிழமை கொண்டுவந்த காய் பாட்டிலில் அப்படியே இருந்தது. அதை நான் பாயசத்துக்கு எடுக்கவில்லை.

அதன்பிறகு வந்த பெட்டி வேலையெல்லாம் பழையவற்றின் மறு அச்சு, கலரைத் தொட வேண்டியிருக்கவில்லை. போன ஐப்பசியில்தான் ஒரு வியாபாரி புதுப் பெட்டி கேட்டு வந்தார். அதுவரை மூட்டையாகவே வாங்கி விற்றவர், முதல்முறையாகச் சொந்தப் பெயரில் பெட்டி போடுகிறார். நான் வழக்கம்போல் செட்டிங் வைத்து, பாட்டில் காயோடு ஒப்பிட்டு, திருப்தியாகத் தாளை நீட்டினேன். அவர் அதை வாசலில் விரித்து வைத்துப் பார்த்தார்.

"ஆத்தா, இது பழைய சரக்குக் கலராவுல்ல இருக்கு. இந்தப் பெட்டியப் பாத்தா உள்ள போன வருசத்துக் காயின்னுதான் நெனப்பாக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காய வச்சுப் பாத்துத்தாண்ணே போட்டிருக்கேன்" என்று பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அன்று காலை ஏலத்தில் தனக்கு மாதிரியாகக் கிடைத்த காயைத் தன் பையிலிருந்து எடுத்துத் தாளின் ஒரு ஓரத்தில் வைத்தார். என் பாட்டிலிலிருந்து நாலைந்தை மறு ஓரத்தில் கொட்டினார்.

அவருடைய காய் பச்சை. என்னுடையது வைக்கோல் நிறம். தினமும் பார்த்துக்கொண்டே இருந்த கண்ணுக்கு அது வெளுத்ததே தெரியவில்லை.

போடியில் ஏலக்காய் வியாபாரி கையில் ஒரு காய் கிடைத்தால் நகம் தானாகவே அதைக் கீறிவிடும். "அண்ணே, பிரிச்சிராதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் காய் ஒன்றின் தோல் கீழே விழுந்தது, உள்ளே இருந்த கறுப்பு விதையரிசி அவர் வாய்க்குள் போய்விட்டது. வாசம் எனக்கும் வந்தது. சனிக்கிழமை மாலை என் வீட்டுக்காரர் சட்டையில் வரும் வாசம்.

வியாபாரி மெதுவாக மென்றார். "நெறந்தான் போயிருக்கு. வாசம் அப்படியே இருக்கு. நல்லா ஒலத்துன காயி. ஆரு ஒலத்துனது?"

"எங்க வீட்டுக்காரரு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மீதிக் காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாட்டிலில் போட்டு மூடி என் கையில் கொடுத்தார். தன்னுடைய காயைத் தாள்மேலேயே விட்டுவிட்டார். "இத வச்சுப் போடு தாயி. ஒண்ணும் வெரசா வேணாம்" என்று சொல்லிப் போனார்.

மஞ்சளைக் குறைத்து நீலத்தை ஏற்றினேன். மூன்றாவது தாளில் பச்சை வியாபாரியின் காயோடு பொருந்தியது. சந்தேகத்துக்கு, என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் செய்த ஒரு பெட்டியின் ஃபைலைத் திறந்து பார்த்தேன். அன்று நான் வைத்த கலர் எண்ணும் இன்று வைத்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியிருந்தது பாட்டிலில் இருந்த காய் மட்டும்தான்.

பெட்டிகள் நன்றாக வந்தன. கீழே விழுந்த தோலையும் எடுத்துப் பாட்டிலில் போட்டு, கறுப்புத் தாளில் சுற்றி, தகர டப்பாவில் வைத்து இழுப்பறையில் மூடிவிட்டேன். வெளுத்தது திரும்பப் பச்சையாகாது என்று தெரியும். அவர் சொன்னதை இப்போதாவது கேட்கலாம் என்றுதான். மானிட்டருக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. சனிக்கிழமை மாலை தெருவில் ஜீப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் என் கை அந்தப் பக்கம்தான் போகிறது, அவர் உள்ளே வருவதற்குள் பாட்டிலைக் காலி செய்து வைக்க வேண்டுமே என்று.