கேமரா எந்தப் பக்கம்

இருபத்தைந்து வருடம் பர்ஸ் தைத்த கை என்னுடையது. தாராவியில் என் பட்டறை. ஆண்களின் பின்பாக்கெட்டுக்கு என்று கணக்கில்லாமல் தைத்துத் தள்ளியிருக்கிறேன். பிறகு பம்பாய் முழுக்க ஃபோனிலேயே காசு கொடுக்க ஆரம்பித்தது. வடாபாவ் வண்டிக்காரர்கூடக் கட்டம் கட்டமாய் அச்சடித்த அட்டையைத்தான் நீட்டினார். பர்ஸை யார் வாங்குவார்கள்? ஃபோன் எங்கள் வயிற்றில் அடித்துவிட்டது. சரி, அடித்தவனுக்கே சட்டை தைப்போம் என்று நானும் ஃபோன் கவருக்கு மாறினேன்.

மாறும்போது தனியாக மாறியிருக்கலாம். என் மனைவியின் தம்பியையும் இழுத்துவிட்டேன். செம்பூரில் ஒரு கூரியர் ஆபீசில் மாதச் சம்பளத்தில் இருந்தவன் அவன். சாக்கு மூட்டையும் பைக்குமாக வெயிலில் அலைந்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். அவனிடம் போய், 'ஊரான் மூட்டையை எத்தனை நாள் சுமப்பே, நம்ம மூட்டையைச் சுமப்போம் வா' என்று வாய் கிழியப் பேசியது நான்தான். வந்துவிட்டான். வந்த ஆறு மாதத்தில் கவர் வியாபாரம் எப்படி என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துபோனது. பழைய ஃபோனுக்குக் கவர் தைத்தால் சந்தையில் சீந்துவார் இல்லை. புது ஃபோன் கடைக்கு வரும் அன்றே அதன் கவரும் கடையில் தொங்க வேண்டும். அப்படியானால், யாரும் கண்ணால் பார்க்காத ஃபோனுக்கு நாங்கள் அளவெடுக்க வேண்டும். மாப்பிள்ளையைப் பார்க்காமலே கல்யாணச் சட்டை தைக்கிற வேலை.

அந்த நேரத்தில்தான் 5ஜி ஃபோன் ஒன்று வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. விலை குறைவாம், வேகம் பத்து மடங்காம், பேட்டரி இரண்டு நாள் நிற்குமாம். பட்டறையில் மெஷின் சத்தத்தை மீறி அதே பேச்சு. எங்கள் சந்துக்குள் அந்த நெட்வொர்க் வருமா, டவர் எங்கே வைப்பார்கள், பழைய சிம் போதுமா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வந்தது, ஏதோ நான்தான் டவர் நடப்போகிறவன் மாதிரி. என் மனைவிக்கு மட்டும் கேள்வி தெளிவாக இருந்தது.

"ஏங்க, அந்த ஃபோன் வந்தா நம்ம வீட்டுக்குள்ள சிக்னல் கெடைக்குமா? இல்ல, அப்பவும் நான் மாடிப்படில நின்னுதான் உம்மாகிட்ட பேசணுமா?"

"கெடைக்கும், கெடைக்கும்" என்றேன். எனக்கென்ன தெரியும்?

எனக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. ஃபோனின் முதுகில் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது? நீளம், அகலம், கனம் எல்லாம் எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஒரே அளவாகச் சொன்னார்கள். கேமராவில்தான் ஆளுக்கொரு படம் வரைந்தார்கள். ஒருவர் இடப்பக்கம் மேலே வைத்தார், ஒருவர் வலப்பக்கம் வைத்தார். இன்னொருவர் நடுவில் வட்டமாக வைத்து, அதற்குள் நாலு கண்ணையும் வைத்தார். எல்லோரும் 'நம்பகமான தகவல்' என்றுதான் தொடங்கினார்கள். எரிச்சலில் ஃபோனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அதையும் எறிந்துவிட்டால் அடுத்த வீடியோவை எதில் பார்ப்பது?

மொத்த வியாபாரம் செய்கிற சேட்டு கறாரான மனுஷர். இருநூறு கவர் கேட்டிருந்தார். ஃபோன் கடைக்கு வருகிற அன்று சாயங்காலத்துக்குள் மால் வந்துவிட வேண்டும், மறுநாள் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன், அதோடு ஃபோன் கவர் வேலையையே உங்களுக்குத் தரமாட்டேன் என்று இந்தியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தால்தான் எனக்குப் பயம்.

அதே வாரம் கூரியர் ஆபீசிலிருந்து மச்சினனுக்கு ஃபோன் வந்தது. பழைய இடம் காலியாக இருக்கிறது, வேறு ஆள் போடப்போகிறோம், நீ வருவதானால் சொல் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். பதில் சொல்லக் கொடுத்த கெடுவும் அந்த ஃபோன் வெளியாகிற நாளேதான், சாயங்காலம் ஐந்து மணி. இதை அவன் என்னிடம் மறைக்கவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

"இந்த மால் வித்துப் போச்சின்னா இருக்கேன் மச்சான். போவலன்னா எனக்கும் பிள்ளையள் இருக்கு."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் மீதி டீயைக் கீழே ஊற்றினேன். அவன் போனால் பட்டறை நின்றுவிடாது. இழுத்து வந்த நான் என் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியுமா?

இந்த நிலைமையில்தான் எங்களுக்குள் சண்டை. கூரியர் கொடுத்துப் பழகியதில் ஃபோன் ரிப்பேர்க் கடைக்காரர்கள் பலர் அவனுக்குச் சிநேகிதம்.

"மச்சான், வலப்பக்கந்தான். உதிரி பாகம் விக்கிற கடைல அந்த ஃபோனோட பின்கண்ணாடி வந்து எறங்கியாச்சாம். ஓட்ட வலப்பக்கம் இருக்குன்னு ரிப்பேர்க் கடைக்காரரு சொல்லுதாரு."

"அவரு சொல்லுதாரு, நீ கேக்க. நீ கண்ணால பாத்தியா?"

"நான் பாக்கல."

"பெறவு என்னல? இன்னைக்கு வரைக்கும் வந்த ஃபோனுல்லாம் எந்தப் பக்கம்? இடப்பக்கம். இது மட்டும் என்ன புதுசா மாறப் போவுது?"

அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாம் தடவை நான் குரலை உயர்த்தினேன். வயதில் பெரியவன், அக்காவின் புருஷன் என்கிற கிரீடம் தலையில் இருந்ததே! விட்டுவிட்டான். இடப்பக்கம் ஓட்டை வருகிற மாதிரி இரும்பு அச்சு செய்யக் கொடுத்தேன். சேட்டு கேட்டது இருநூறு. நான் கொழுப்பெடுத்து நானூறு வெட்டுவதென்று முடிவு செய்தேன். இருநூறு கேட்டவர் அன்றே இன்னும் இருநூறு கேட்பார் என்று எனக்கு அத்தனை நிச்சயம்.

ரெக்சினை நானே வெட்டினேன். அதுவரை கவரைப் பத்தும் இருபதுமாக ஒற்றை அடுக்கில் கத்தரியால்தான் வெட்டியிருந்தோம்; அச்சு வைத்து மொத்தமாக வெட்டுவது இதுதான் முதல் தடவை. அச்சு புதிது, கை பழையது. சுருளைப் பிரித்து, மேசையின் அந்தக் கோடி வரை விரித்து, அங்கிருந்து மடக்கி இந்தக் கோடிக்குக் கொண்டு வந்து, மறுபடி மடக்கி, மறுபடி ஒன்று. நாலு அடுக்கு ஆனதும் அச்சை வைத்து மெஷினை இறக்கினால் ஒரே அழுத்தில் நாலு துண்டு. பர்ஸுக்கு இருபத்தைந்து வருடமும் இப்படித்தான் வெட்டினேன். எங்கள் வரிசையில் எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நானூறு முதுகுத் துண்டும் வெட்டி முடித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

தையலில் உட்கார்ந்தவர் முதல் கட்டைப் பிரித்ததும் கூப்பிட்டார். இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் ஓட்டை இடப்பக்கம். அடுத்ததில் வலப்பக்கம். அதற்கடுத்தது இடம். அதற்கடுத்தது வலம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் கொடுமை. காகிதத்தை மடித்து ஓரத்தில் ஓர் ஓட்டை போட்டுப் பிரித்தால் இரண்டும் எதிரெதிராகத்தானே வரும்? ரெக்சினை மடக்கிப் போட்டபோது ஓர் அடுக்கு முகம் மேலே, அடுத்த அடுக்கு முகம் கீழே. பர்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதனால் ஒருநாளும் தெரிந்ததில்லை. ஃபோனின் முதுகு அப்படியா? ஒரு பக்கம் கண் வைத்திருக்கிறதே. நானூறில் இருநூறு பாழ். சுருளும் தீர்ந்துவிட்டது. ஃபோன் வருவது நாளை மறுநாள்.

மச்சினன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அவன் துண்டுகளை இரண்டாகப் பிரித்து அடுக்கினான். வலப்பக்கம் ஓட்டை விழுந்த இருநூறையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இதையும் தச்சி வைப்போம். சும்மாத்தானே கெடக்கு."

நான் நூல்கண்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன்.

ஃபோன் வெளியான நாள் காலையில் இரண்டு பேரும் மாட்டுங்காவுக்குப் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஃபோன் கடை. பதினொரு மணிக்கு விற்பனை. கவரை ஒரு நிஜ ஃபோனில் மாட்டிப் பார்க்காமல் சேட்டிடம் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. என் பையில் இடப்பக்கக் கவர் ஒன்று. அவன் தோளிலும் ஒரு பை. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னால் கவுண்டரில் ஓர் அம்மா நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும், ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று பேச்சில் தெரிந்தது. கடைக்காரரை இந்தியில் குடைந்துகொண்டிருந்தார். 5ஜி என்றால் லிஃப்டில் பேச்சு அறுந்து போகாதா, டவர் இல்லாத இடத்தில் இதற்குக் கொடுத்த காசு வீணா, சூடாகுமா, சூடானால் யாரைக் கேட்பது? எட்டு மாதமாக இந்த ஃபோனுக்காகக் காத்திருந்தாராம். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 'ஹோ ஜாயேகா', எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஒருவழியாக அந்த அம்மா டப்பாவைக் கையில் வாங்கியதும், நாங்கள் தமிழில் கிசுகிசுத்தது காதில் விழுந்து திரும்பினார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா?

"பார்க்காமலே தைச்சேளா! அதுக்கென்ன, தாராளமா மாட்டிப் பாருங்கோ. ஆனா கீழ போட்டுடாதேங்கோ, இன்னும் நானே தொட்டுப் பார்க்கலை."

டப்பாவைத் திறந்து, மேலே சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து, ஃபோனைத் திருப்பி என் கையில் வைத்தார். நான் முதுகைப் பார்த்தேன். கேமரா வலப்பக்கம் இருந்தது.

இருந்தாலும் என் கவரை மாட்டிப் பார்த்தேன். அதுதான் நான். ஓட்டை இருந்த இடத்தில் வழுவழுவென்று வெறும் முதுகு தெரிந்தது. கேமரா மூன்று கண்ணும் ரெக்சினுக்கு அடியில் போய்விட்டது. கடைக்காரர் ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. அப்போது மச்சினன் என் கையிலிருந்து ஃபோனை மெதுவாக வாங்கினான். தன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான். மாட்டினான். மூன்று கண்ணும் ஓட்டைக்குள் சரியாக வந்து உட்கார்ந்தன, நூல் பிசகில்லை.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷமா, அவமானமா என்று கேட்டால், இரண்டும்தான். ஆனால் சந்தோஷமே அதிகம். என் புத்தியை மட்டும் நம்பி ஒழுங்காக வெட்டியிருந்தால் நானூறும் குப்பை. கை பழக்கத்தில் செய்த தப்பு இருநூறைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது, சேட்டு கேட்ட அதே இருநூறு.

"இத நான் கழட்டப் போறதில்லை. என்ன விலைன்னு சொல்லுங்கோ" என்றார் அந்த அம்மா. நான் காசு வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. மச்சினன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

பட்டறைக்குத் திரும்பிப் போய் மூட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டரை மணிக்கெல்லாம் சேட்டு கடையில் நின்றோம். ஒன்று குறைந்தது. அந்தக் கதையைச் சொன்னேன். அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு சிரிக்காமல், இன்னும் முந்நூறு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வாருங்கள் என்றார். அவர் சிரிக்காததில் எனக்கு எவ்வளவு நிம்மதி!

திரும்பும்போது லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எனக்கு ஐந்து மணி ஞாபகம் வந்தது. அவனிடம் கேட்க வேண்டும், கேட்கப் பயம். மால் விற்றுப் போனால் இருப்பேன் என்றுதான் சொன்னான், ஆனால் அதைச் சொன்ன பிறகு அவன் பேச்சைத் தூக்கி எறிந்தவன் நானல்லவா? மதிக்காத இடத்தில் யார் இருப்பார்கள்? சயான் ஸ்டேஷனில் இறங்கியதும் வாய்விட்டுச் சொன்னேன்.

"மாப்ள, நீ சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கணும்."

அவன் பதில் சொல்லுவதற்குள் அவன் ஃபோன் அடித்தது. கூரியர் மேனேஜர்தான். வண்டி கிளம்புகிற சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, என்னைவிட்டு நாலடி தள்ளிப் போய் இந்தியில் பேசினான். அந்த இரைச்சலில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்ன சொன்ன?"

"வேற ஆளப் போட்டுக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்."

"நெசமாவா?"

"பெறவு? நான் போயிட்டா, நீங்க எந்தப் பக்கம் ஓட்ட போடுவியளோ, யாருக்குத் தெரியும்?"