அக்காவிடம் மறைத்த ரிப்போர்ட்

எங்கள் அக்கா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிப்போவில் அவளுக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருட வேலையில் யாரையும் நம்பாமல் பழகிவிட்டாள். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட விசாரணை வைப்பாள். "டிக்கெட் இல்லாதவன் திருதிருன்னு முழிப்பான்னு நெனைக்காதே. கேக்கறதுக்கு முன்னாடியே சிரிக்கிறான் பாரு, அவன்தான்" என்பாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். "சுத்தமா எடுத்தாச்சும்மா" என்றார் டாக்டர். அக்கா விட்டாளா? குடைந்து குடைந்து கேட்டாள். கடைசியில் அவரும் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன்பே சில செல்கள் ரத்தத்திலோ நிணநீரிலோ கலந்து வெளியேறியிருக்கலாமாம். எலும்பிலோ கல்லீரலிலோ போய் வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, பிறகு பெருகலாமாம்.

"அப்போ நான் பஸ்ல ஏறறதுக்கு முன்னாடியே எறங்கிட்டான்" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து தன் உடம்பையே சந்தேகப்பட்டாள். இருமினால் நுரையீரலோ, தலை வலித்தால் மூளையோ என்பாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா" என்று நானே கேலி செய்திருக்கிறேன். என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க!

போன வருடம் இடுப்பு வலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கப் போனது நான். அங்கேயே பிரித்துப் படித்தேன். இடுப்பெலும்பில் இரண்டு இடங்களில் பரவியிருந்தது. அக்கா புருஷன், மாமாவிடம் காட்டினேன். "பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாதே" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். மெஷின் ரிப்பேர், ரிப்போர்ட் வர நாளாகும் என்று அக்காவிடம் சொன்னோம். காகிதம் என் கைப்பையிலேயே இருந்தது.

அவள் மாமாவைத்தான் சந்தேகப்பட்டாள். அவர் சட்டைப்பை, பீரோ, செருப்பு அலமாரி என்று ஒன்று விடாமல் துழாவினாள். அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்ப்பாள். மனுஷன் பாதியில் எழுந்து கை கழுவிவிடுவார்.

ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரித்தேன்.

கத்தி நின்றது. "பையக் குடு."

"எதுக்குக்கா?"

"குடுடீ!"

நின்றபடியே படித்தாள். அழவில்லை. தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள்.

"பதினோரு நாள். எலும்புக்குள்ள அது பாட்டுக்கு வளந்துட்டு இருந்திருக்கு. ரெண்டு பேரும் அதுக்குக் காவல் இருந்திருக்கீங்க." என்னையே பார்த்தாள். "நாலு வருஷமா என் உடம்புல ஒவ்வொரு எடத்தையும் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படணும்னு தோணவே இல்லையேடீ."



மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போனோம். மருந்து ஆரம்பித்து ஏழு மாதமாகிறது. வலி குறைந்திருக்கிறது, வேலைக்கும் போகிறாள். இப்போதும் மருத்துவமனைக்கு நான்தான் துணை. ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னல் வந்ததும் மட்டும், "நீ அங்க உக்காரு" என்று பெஞ்சைக் காட்டிவிட்டு, தானே போய் வரிசையில் நிற்கிறாள்.