மகள் பொலிசில் பதியப் போன நாள்

மகள் ஒரு செமஸ்டர் சீனாவில் படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். சோறு கிடைக்குமா, கறித்தூள் கொண்டுபோக விடுவார்களா என்று. நானும் அந்தக் கவலையையே வெளியில் காட்டிக்கொண்டேன். அவள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. இரண்டு வருடம் சீன மொழி படித்து, செங்டு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தானாகவே ஓர் இடமும் எடுத்திருந்தாள். கனடாவில், ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது மனைவி அழுதாள். நான் பெட்டியின் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மையான பயம் அவள் போய்ச் சில வாரங்களுக்குப் பிறகுதான் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். அங்கே அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம்.

"அப்பா, நான் ஹொஸ்ரலை விட்டிட்டன். ஒரே ஊத்தை. பக்கத்திலை ஒரு அப்பார்ட்மென்ற்றிலை கொரியன் ஃப்ரெண்ட் ஒருத்தியோடை இருக்கிறன்."

"நல்லது பிள்ளை. சாப்பிட்டியே?"

"ஓம். நாளைக்குக் காலமை பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போகோணும்."

"என்னத்துக்கு?"

"பதியிறதுக்கு. வீடு மாறினா ஃபொறினேர்ஸ் எல்லாரும் போய் அட்ரஸ் குடுக்கோணும். இற்ஸ் நோ பிக் டீல் அப்பா."

பொலிஸ், பதிவு. அந்த இரண்டு சொல்லையும் ஒன்றாகக் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அவளுடைய வயதில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். வெளிநாட்டுக்கு வழி பார்த்துக்கொண்டிருந்த காலம். வடக்கிலிருந்து வருகிற தமிழர் பொலிசில் பதிய வேண்டும். நானும் என் அறையில் இருந்த நண்பனும் ஒன்றாகப் போனோம். எங்களை ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். முதலில் அவனை உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு என்னை வேறொரு கதவால் கூப்பிட்டார்கள். சில நாள் வைத்திருந்து என்னை வெளியே விட்டார்கள். அவன் வரவில்லை. அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. இது மனைவிக்குத் தெரியும். மகளுக்கு நான் சொன்னதில்லை.

"தனியப் போகாதை," என்றேன்.

"ஏன்?"

"அந்தக் கொரியப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. அவள் உள்ளை வரக்கூடாது, வெளியிலை நிக்கோணும். போனை அவளிட்டைக் குடுத்திட்டுப் போ. கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. வேறை அறைக்குக் கூப்பிட்டா போகாதை. சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ."

"சப்பாத்தா? என்னத்துக்கு?"

"ஓட வேண்டி வந்தா செருப்புக் கழண்டு போகும்."

மெல்லிய குரலில், "அப்பா, யூ ஆர் ஸ்கேரிங் மீ," என்றாள்.

மனைவி என் கையிலிருந்து போனைப் பறித்து ஏதோ சிரித்துக் கதைத்து அவளைச் சமாளித்தாள். வைத்த பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை பயத்தை அவளின்ரை தலையிலை ஏத்தாதேங்கோ. அது கொழும்பில்லை."

"பொலிஸ் எண்டா எல்லா இடமும் பொலிஸ்தான்," என்றேன்.

அன்று எனக்குப் பின்னேர ஷிஃப்ட். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பொதி கட்டும் வேலை. நெடுஞ்சாலையில் போகும்போது வெளியேற வேண்டிய இடத்தைத் தவறவிட்டுச் சுற்றிப் போனேன். இங்கே இருட்டி எங்கள் சாப்பாட்டு இடைவேளை வந்தபோது அங்கே காலை ஒன்பது மணி தாண்டியிருந்தது. அவளுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. போனை நண்பியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னதே நான்தான். அது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. வாங்கில் அவள் இருப்பதும் ஒரு கதவு திறப்பதும் மட்டும்தான் கண்ணுக்குள் வந்தன. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். அப்படியே மூடி வைத்தேன்.

எனக்கு எதிர் மேசையில் வேலை செய்கிற சீனப் பெண் அப்போது சாப்பாட்டு அறையில் நூடில்ஸ் சூடாக்கிக்கொண்டிருந்தார். என்னிலும் சில வயது மூத்தவர். நாங்கள் இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவரிடம் போய், உங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளை பொலிசுக்குப் பதியப் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"பதிவார்கள்," என்றார். "வேறு என்ன?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு நூடில்சைக் கீழே வைத்தார். மகள் போனை எடுக்கவில்லை என்று சொன்னேன்.

"எந்தப் பொலிஸ் நிலையம்? நம்பர் தேடி எடுக்கிறேன். நான் பேசுகிறேன். அவள் பெயரைச் சொல்லுங்கள்."

அவர் தன் போனை எடுத்ததும் என்னை அறியாமல் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். "வேண்டாம், வேண்டாம்," என்றேன். பெயரைச் சொன்னால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். யாரோ தேடுகிறார்கள் என்றால் ஏன் தேடுகிறார்கள் என்று யோசிப்பார்கள். இதெல்லாம் எனக்குள் ஓடியது, ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் விடும்வரை அப்படியே நின்றார். பிறகு என் அருகில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவருடைய நூடில்ஸ் ஆறிப்போனது.

இடைவேளை முடியப்போகிற நேரத்தில் என் போன் அடித்தது. எடுத்ததும் அழுகைதான் கேட்டது.

"எங்கை நிக்கிறாய்? எங்கை நிக்கிறாய் பிள்ளை?"

"ரோட்டிலை. வெளியிலை. ஐ ஆம் ஓகே அப்பா."

கோட்டைக்கூடப் போடாமல் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அவள் விட்டுவிட்டுச் சொன்னாள். பதிய வேண்டிய நாள் தாண்டிவிட்டதாம். பொலிஸ்காரர் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு ஒரு பொலிஸ்காரி வந்து பக்கத்து அறைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.

"நீங்கள் போக வேண்டாமெண்டனீங்கள். நான் மாட்டன் எண்டு தலையை ஆட்டினன். அவ திரும்பத் திரும்பக் கூப்பிட்டா. நிறையப் பேர் வந்து பாத்தினம். படிச்ச சைனீஸ் ஒண்டும் வரேல்லை அப்பா."

"பிறகு?"

"அழுதிட்டன். அவ சுடுதண்ணி கொண்டுவந்து தந்தா. ஃப்ரெண்டை உள்ளை கூப்பிட்டு விளங்கப்படுத்தினா. அந்த அறையிலைதான் போட்டோ எடுக்கிற கமரா இருக்கு. அவ்வளவுதான். இனிப் பிந்தக்கூடாதெண்டு சொல்லி பாஸ்போட்டைத் தந்திட்டினம்."

"ஃப்ரெண்ட் ஏன் போனை எடுக்கேல்லை?"

"உங்கடை பேரைத் தமிழிலை போட்டு வைச்சிருக்கிறன். அவளுக்கு ஆரெண்டு தெரியேல்லை."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு அழுகை கோபமானது. "நீங்கள் சொல்லுமட்டும் எனக்கு ஒரு பயமும் இல்லை. ஏன் அப்பிடியெல்லாம் சொன்னனீங்கள்?"

அந்தக் குளிரில் காருக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். லொட்ஜை, வாங்கை, இரண்டு கதவுகளை. நண்பனைப் பற்றிச் சொல்லும்போது அவனுடைய பெயர் வாயில் வரச் சற்று நேரம் எடுத்தது.

"அவருக்கு என்ன நடந்தது?"

"தெரியாது."

தெருவில் ஸ்கூட்டர்கள் போகிற சத்தம் அவளுடைய பக்கத்திலிருந்து கேட்டது. யாரோ சிரித்துச் சீன மொழியில் பேசிக்கொண்டு போனார்கள்.

"அப்பா," என்றாள். "நான் வெளியிலை வந்திட்டன். கேக்குதே? வந்திட்டன்."

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் நாள் பிந்தவில்லை. விடுமுறைக்கு வேறு ஊர்களுக்குப் போகும்போது தங்குமிடத்தில் பதிவு முடிந்ததும் தாய்க்கு அல்லாமல் எனக்கே செய்தி அனுப்புவாள். எனக்குப் பயம் போனது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி வரும்வரை பொதியை ஒட்டுகிற நாடா கையில் கோணலாகப் போகும். எதிர் மேசைப் பெண் அதைக் கண்டதும் புருவத்தை உயர்த்துவார். செய்தி வந்ததும் நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டுவேன். செமஸ்டர் முடிந்து அவள் வந்து இறங்கிய நாளில் அவர் எனக்கு லீவு எடுக்கச் சொல்லி, என் ஷிஃப்டைத் தான் செய்தார்.