வெள்ளக்காரி

அத்தையை நினைத்தால், பாதி சோப்புப் போட்ட துணிகளைத் திணித்த நீல வாளிதான் முதலில் கண்முன் வருகிறது. அப்பாவின் அக்கா அவர். ஜெயமங்கலத்தில் வராக நதிக்குத் துவைக்கப் போனால், துணியை அலசி முடித்து அவர் வீடு திரும்பிய நாட்கள் குறைவு.

எங்கள் ஆறு நீளமானதல்ல. அகமலைப் பக்கம் பிறந்து, பாறை பாறையாக இறங்கி, பெரியகுளத்தைத் தாண்டி, எங்கள் ஊர் மணலில் அகன்று, சற்றுத் தள்ளி வைகையோடு சேர்ந்துவிடும். மலையோ செங்குத்து. மேலே கொட்டும் மழை கீழே யாருக்கும் தெரியாது. இங்கே வெயில் காயும்போதே வெள்ளம் வந்து நிற்கும். அதற்கு முன்னால் சருகு மிதந்து வரும். நாலு காய்ந்த இலையைக் கண்டாலே அத்தை, "ஏத்தா, சருகு வருது, ஏறுங்கத்தா!" என்று கத்தி, என்னையும் வாளியையும் இழுத்துக்கொண்டு கரையேறிவிடுவார். பெரும்பாலும் எதுவும் வராது. துறையில் இருந்த பெண்கள், "வெள்ளக்காரி ஏறிட்டாகடி, தொரைசானிக்கு வழி விடுங்க" என்று சிரிப்பார்கள். அத்தை ஆற்றையே முறைத்துக்கொண்டு நிற்பார். பயந்துபோய் நிற்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரே ஒரு தடவை வெள்ளம் உண்மையாகவே வந்து, துறையில் கிடந்த துணிகளையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. அன்று அத்தை காய்ச்சலில் படுத்திருந்தார். "நான் இல்லாத அன்னைக்குன்னு பாத்து வருது பாரு" என்று நாள் முழுக்கப் புலம்பினார்.

இந்த ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தோம். என் கணவர் தஞ்சாவூர்க்காரர். அவருக்குத் தெரிந்த ஆற்றில், அணை திறப்பதாகச் செய்தி வந்த பிறகுதான் தண்ணீர் வரும். முழங்காலளவுத் தண்ணீரில் நான்கு வயது மகனை நிறுத்தித் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மேற்கே மேகம் இறங்கி மலை முகட்டை மூடியிருந்தது. நாலைந்து சருகுகள் மிதந்து வந்தன. கரையோர மரத்திலிருந்து விழுந்தவையாகவும் இருக்கலாம். கத்தலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கத்திவிட்டேன். இறங்கிப்போய் மகனை இழுத்துக்கொண்டு கரையேறினேன்.

"எம்.எஸ்சி. படிச்சுட்டு இலையைப் பாத்துக் கத்துறியே!"

"நீங்களும் ஏறுங்க, சொன்னாக் கேளுங்க."

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் ஆட்டியபடியே கேட்டார்: "மேடம், வெள்ளம் பெரியகுளம் தாண்டிருச்சா?"

வந்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் வேண்டிக்கொண்டு நின்றேன். நேரம் போகப் போக, வரவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. மகன் தலையில் நுரையோடு நிற்கிறான், அவன் அப்பா இன்னும் ஆற்றுக்குள் இருக்கிறார், எனக்கு இப்படித் தோன்றுகிறது! அத்தையின் முறைப்பு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"கண்ணு எரியுதும்மா" என்று மகன் அழுதான். கழுவத் தண்ணீர் ஆற்றில்தான் இருந்தது. பாதிச் சோப்போடு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.