பாப்பாவின் ஃபோன்

என் தங்கைக்கு முப்பத்தெட்டு வயதான பிறகும் எங்கள் வீட்டில் அவள் பாப்பாதான். சட்டைக் கம்பெனியில் அவளைச் செக்கிங் அக்கா என்பார்கள். தைத்து வரும் சட்டைகளை டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, காலர், கை, பொத்தான், காஜா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள். குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தையல்காரர்களிடமே திருப்பி அனுப்புவாள். பதினான்கு வருடம் அதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. "ஏண்ணே, நாலு பேர் வந்து போற கடையில இப்படித்தான் தையல் விட்ட சட்டையோட நிப்பியா? கழட்டு" என்பாள். நான் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்திருப்பேன்.

நான் பஸ் நிலையத்துக்கு எதிரே செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு சுவரையும் தொடலாம், அவ்வளவுதான் கடை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் வருகிறவர்கள் என் கைக்காக வருகிறார்கள், வாய்க்காக இல்லை.

பாப்பாவின் வீட்டுக்காரர் எனக்கு நேரெதிர். கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். இருபது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பார். தரையில் நின்று ஒரு வார்த்தை பேசச் சொன்னால் யோசிப்பார். மாப்பிள்ளைக்கு ஒரே ஓர் ஆசை. தலை முதல் கால் வரை கண்ணாடியாலேயே நிற்கும் பெரிய கோபுரம் ஒன்றில் வேலை செய்ய வேண்டும். அந்த மாதிரிக் கோபுரங்கள் வெளிநாட்டில்தான் இருந்தன. பழைய பத்திரிகைகளிலிருந்து அவற்றின் படங்களை வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார்.

இரண்டு முறை அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டு முறையும் போகவில்லை. முதல் முறை, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பாப்பாவுக்கு ஆறு மாதக் கரு கலைந்தது. பிறகு குழந்தையே இல்லை. இரண்டாம் முறை எங்கள் அம்மா படுக்கையில் விழுந்தார். நான் கடையைச் சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். பாப்பா தனியாகத் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு அவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, முகம்கூடச் சுளித்ததில்லை. அதுதான் பாப்பாவை அரித்தது. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

மூன்றாவது முறை வேலை வந்தபோது அவள் முந்திக்கொண்டாள். "இந்தத் தடவை யார் தலைகீழா நின்னாலும் நீங்க போறீங்க. நானே நின்னாலும் சரி" என்றாள். இரண்டு வருட ஒப்பந்தம். மாப்பிள்ளை அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இனி என் கைவரிசையைச் சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் ஒரே மாடல் ஃபோனை ஜோடியாக, ஒரு ஃபோன் கம்பெனியின் இரண்டு வருடத் திட்டத்தில் எடுத்திருந்தார்கள். அப்படி எடுக்கும் ஃபோனில் அந்தக் கம்பெனி சிம்மைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாது. திட்டம் முடிந்த பிறகு கேட்டால் அவர்களே ஒரு கோட் அனுப்புவார்கள். வேறு சிம்மைப் போட்டு அந்தக் கோடை அடித்தால் லாக் போய்விடும். எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் கொண்டு போகலாம். ஆனால் ஒவ்வொரு ஃபோனுக்கும் பதினைந்து இலக்கத்தில் ஓர் அடையாள எண் இருக்கிறது. அதைக் கொடுத்துத்தான் கோட் வாங்க வேண்டும். ஒன்றின் கோட் மற்றதற்கு ஆகாது. ஐந்து முறை தப்பாக அடித்தால் அதோடு சரி, பிறகு சரியான கோடைக் கொடுத்தாலும் அந்த ஃபோன் வாங்கிக்கொள்ளாது.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் நாள் தவறாமல் கத்துவது இதுதான்: "பெட்டியில ஒட்டியிருக்கிற நம்பரை நம்பாதீங்க, ஃபோனையே கேட்டுப் பாருங்க." சொந்தக்காரர் ஃபோன் என்றதும் அந்தப் புத்தி எங்கே போனதோ. மாப்பிள்ளை கொண்டுவந்த காலிப் பெட்டியிலிருந்து எண்ணை எழுதி அனுப்பினேன். கோட் வந்தது. அவர் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து அடித்தேன். தப்பு என்றது. விரல் பிசகிவிட்டது என்று மறுபடி அடித்தேன். தப்பு. பாப்பா எட்டிப் பார்த்து, "நிறுத்துண்ணே, ஒரு தடவை சரிபாரு" என்றாள். செக்கிங் அக்கா எனக்கே வேலை சொல்லிக்கொடுக்கிறாளா என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் மீதி மூன்று முறையையும் அடித்துத் தீர்த்தேன்.

அதற்குப் பிறகுதான் ஃபோனின் எண்ணைப் பார்த்தேன். பெட்டிகள் மாறியிருந்தன. நான் வாங்கிய கோட் பாப்பாவின் ஃபோனுக்கானது. அவள் ஃபோனில் அடித்ததும் முதல் தடவையே திறந்துகொண்டது.

"சரி, ஒண்ணும் கெட்டுப் போகல. நீ அவரோடதை வச்சுக்கோ, உன்னோடது அவரோட போகட்டும். ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன். நான் எதிர்பார்த்தது திட்டு. பாப்பாவோ முகம் வெளுத்து, "வேண்டாம்ணே. அங்க போய் வேற வாங்கிக்கட்டும்" என்றாள். நானும் விடவில்லை. "போய் இறங்கின உடனே பேச வேண்டாமா? அப்படி என்ன புதையல் வச்சிருக்க அதுக்குள்ள?" என்று கேலி செய்தேன். மாப்பிள்ளை சிரித்தார். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் அரைமணி நேரம் கழித்து வந்தாள். படம், செய்தி எல்லாவற்றையும் அழித்திருந்தாள். அது வேறொருவர் வீடாக இருந்திருந்தால், அப்போதே ஏன் என்று கேட்டிருப்பேன். சொந்தத் தங்கையிடம் கேட்கத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை போய்ப் பத்தாவது நாள் என்னைக் கூப்பிட்டார். அவளைக் கூப்பிடாமல் என்னை.

"மச்சான், பாப்பா ஃபோன்ல நாள்காட்டி ஒண்ணு இருக்குல்ல? இன்னிக்குக் காலையில அது மணி அடிச்சுது. 'ஊசி ரெண்டு'ன்னு போட்டிருக்கு. என்ன ஊசி?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. வாசலில் காத்திருந்தேன். மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் பெரிய ஆஸ்பத்திரிக் கவர். என்னைப் பார்த்ததும் மறைக்கப் பார்த்து, முடியாமல் என் கையிலேயே கொடுத்தாள்.

மார்பில் கட்டி. கண்டுபிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏற்கனவே அக்குள் வரை போயிருந்தது. முதல் ஊசியை, கம்பெனியில் ஓவர்டைம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இருபத்தொரு நாளைக்கு ஒன்று, மொத்தம் ஆறு. மறந்துவிடக் கூடாதே என்று ஆறு தேதிகளையும் நாள்காட்டியில் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் அழித்தவள் அதை மட்டும் மறந்துவிட்டாள்.

நான் கத்தினேன். தெருவே கேட்கக் கத்தினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நான் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"மூணாவது தடவையும் என்னாலதான்னு ஆகக் கூடாதுண்ணே."

"அவர் கேட்டாரா உன்னை? போ, உன்னால கெட்டுதுன்னு ஒரு நாளாவது சொன்னாரா?"

"சொல்லல. அதனாலதான். நீ அவர்கிட்ட சொன்னா, நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டேன். பார்த்துக்கோ."

அவள் அப்படிச் சொன்னால் செய்வாள். என் கையைக் கட்டிப்போட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "கம்பெனியில பெண்களுக்கெல்லாம் சத்து ஊசி போடுறாங்களாம், மூணு வாரத்துக்கு ஒண்ணு" என்றேன். "அப்படியா, நல்லதுதான்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அங்கிருந்து பாப்பாவைக் கூப்பிடுவார். "இன்னிக்குச் சத்து ஊசி நாள். போட்டுக்கிட்டியா?" ஆஸ்பத்திரியில் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, "போட்டாச்சுங்க. நீங்க எத்தனாவது மாடியில இருக்கீங்க?" என்று கேட்பாள். அவர் மாடி எண்ணைச் சொல்வார். இவள் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அந்த எண்ணைச் சொல்லுவாள்.

மூன்றாவது ஊசிக்குள் முடி முழுவதும் கொட்டிவிட்டது. வேலையை விட்டாயிற்று. வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே? சட்டைக் கம்பெனியில் தூசிக்காகக் கொடுக்கும் தொப்பியைத் துவைத்துக் காயவைத்து, மாட்டிக்கொண்டு பேசுவாள். "இப்பதான் ஷிஃப்ட் முடிஞ்சுது" என்பாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அங்கியின் காஜா கோணல் என்று நர்ஸிடம் குறை சொல்லி, அடுத்த முறை போகும்போது ஸ்டிக்கர் எடுத்து வருவதாக மிரட்டினாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, மாடிப்படியில் போய் நின்று அழுதேன்.

நான்காவது ஊசிக்குப் பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஈரலுக்குப் போய்விட்டது, இனி ஊசி உடம்பை வாட்டுமே தவிர உதவாது என்றார். ஐந்தாவது தேதியன்று அவள் வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தாள். மாப்பிள்ளை கூப்பிட்டார். குரலைச் சரிசெய்துகொண்டு, "போட்டாச்சுங்க" என்றாள். அதன் பிறகு எட்டு நாள் இருந்தாள்.

அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் கடைக்கு வந்து வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நானே ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை, சத்து ஊசின்னு பொய் சொன்னது நான்தான். என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க."

"தெரியும் மச்சான்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மூணாவது மணி அடிச்சப்பவே தெரியும். என்கூட வேலை செய்ற ஒருத்தரோட மனைவிக்கும் இதே மாதிரி இருபத்தொரு நாள் கணக்குதானாம். அப்புறம், ஞாயித்துக்கிழமை கம்பெனிக்கு லீவு. அன்னிக்கும் தொப்பியோடதான் பேசினா."

கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சும் ஏன்யா வரல?" என்று கத்தினேன். எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வர்றேன்னு சொல்ல ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன். அதுக்குள்ள எத்தனாவது மாடின்னு கேட்டுடுவா. அவ்வளவு சந்தோஷமாக் கேப்பா மச்சான். நான் திரும்பி வந்தா இதுவும் தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டே கிடப்பாளேன்னு பயந்தேன். ஆறும் முடிஞ்சா சரியாயிடும்னு நம்பினேன். ஆறாவது தேதிக்கு மறுநாள் லீவு கேட்டு வச்சிருந்தேன்."

ஊசி நாலோடு நின்றது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்.

"கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. நடந்ததையே சொன்னேன். "போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அவருக்குத் தெரியாதுல்லண்ணே?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னேன். 'அப்பாடா'ன்னா."

அவர் தலையை ஆட்டினார். "நல்லவேளை சொன்னீங்க" என்றார். பிறகு கண்ணாடி மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, ஊர் பார்க்க, சத்தம் போட்டு அழுதார். நான் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன்.