மேட்டுக்காட்டுக் கிழங்கு

என் சித்தி பெருந்தீனிக்காரி என்று எட்டு வயதில் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் அம்மா வீட்டுக்குள் முணுமுணுத்ததை நான் மாதா கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோனேன். அந்த வயதில் என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

சித்தப்பா நாகர்கோவில் பக்கம் பாலம் கட்டும் வேலைக்குப் போனவர், அங்கேயே கோயிலில் வைத்துத் தாலி கட்டிச் சித்தியை அழைத்து வந்தார். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அறுபதுகளில் அடுத்தடுத்து மழை பொய்த்த சமயம் அது. வந்த மூன்றாம் மாதமே சித்தப்பா பிழைப்பு தேடிப் பெங்களூர் போய்விட, புது மனுஷி எங்களிடம் தனியாக மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் கேழ்வரகு தீர்ந்தது. மிஞ்சியது குச்சிக்கிழங்குதான். எங்கள் பக்கம் அது ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற சரக்கு. மழை உள்ள வருஷத்தில் ஆசைக்கு வேகவைத்துத் தின்பதோடு சரி. சித்தியின் ஊரில் அதுதான் சோறு, மரச்சீனி என்பாள். அதனால் அடுப்பு அவள் கைக்குப் போனது. முதல் நாளே ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு முகம் சுளித்தாள்.

“அக்கா, கட்டு கெடக்கான்னு பாக்கணும். பொறவு பிள்ளையளுக்குக் குடுப்போம்” என்றாள்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த கட்டு, மந்திரவாதி போடுகிற கட்டு ஒன்றுதான். நாகர்கோவிலுக்கு அந்தாண்டை மலையாளம், மலையாளம் என்றாலே மாந்திரீகம். அன்றே எனக்கும் தம்பிக்கும் நெற்றியில் தீர்த்தத்தால் சிலுவை போட்டாள்.

சித்தி கிழங்கை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் வேகவைப்பாள். பிறகு ஒரு வட்டில் நிறைய எடுத்துத் தான் மட்டும் தின்பாள். பானையை மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் எதிரே காலி வட்டிலோடு பார்த்துக்கொண்டிருப்போம். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அடேயப்பா! சித்தி செத்துத் தொலைந்தால் தேவலை என்றுகூட வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கட்டு என்றால் அவள் ஊரில் கிழங்கின் நஞ்சு. இது எனக்குத் தெரிவதற்குள் தலை நரைத்துவிட்டது. ஈரமுள்ள மண்ணில் இனிக்கிற கிழங்கு, மழை இல்லாமல் காய்ந்தால் தன்னைத் தின்ன வருகிற வாய்க்கு நஞ்சைக் கூட்டி வைத்துக்கொள்ளுமாம். குச்சி ஒன்றுதான், மண்ணும் வானமும்தான் வேறு. தினமும் தின்கிறவர்களிடம் அதற்கு ஒரு சொல் இருந்தது. காய்ந்து கிடந்த எங்களிடம் இல்லை.

ஏரிக்கரைக் கிழங்கு தீர்ந்ததும் அப்பா மேட்டுக்காட்டில் தோண்டிக் கொண்டுவந்தார்.

“பாத்தியா, ஒரு பன்னி வாய் வெக்கல. நான் போட்ட வேலி அப்பிடி!” என்று அவருக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு வீட்டில் இருந்தது ஒரே குடம் தண்ணீர். சித்தி இரண்டாவது தண்ணீர் ஊற்றப் போனபோது அம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டாள். “கீழ கொட்டறதுக்கா ரெண்டு மைல் சொமந்தேன்? ஒரு தண்ணி போதும், வுடு.”

சித்தி வாதாடவில்லை. வேறு தின்ன என்ன இருந்தது, வாதாட? எப்போதும்போல வட்டில் நிறைய எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். போன வாரமும் கிழங்கு கசந்தது, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்திருப்பாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். சமயம் பார்த்து நான் பானையைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டேன். எப்படித்தான் வந்தாளோ, தவழ்ந்து வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள். துண்டு வெளியே தெறித்தது. பானையையும் காலால் எட்டி உதைத்தாள்.

“திங்காத மக்களே... கட்டு... கட்டு...”

ஓடிவந்த அம்மா முதலில் பார்த்தது தரையில் சிதறிய கிழங்கை. “தான் மட்டும் கொட்டிக்கிட்டு எம் புள்ளைங்க சோத்த ஒதைக்கறாளே பாவி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சித்தி கீழே கிடப்பதைக் கவனித்தது அதற்கப்புறம்தான். அப்பா அவசரமாக மாட்டுவண்டியைக் கட்டினார். தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ரோட்டைத் தொடுவதற்குள்ளாகவே மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை, சித்தப்பா வந்து சேர்வதற்கு முன்பே அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் அம்மா என் கன்னத்து விரல் தடத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். நான் அழவில்லை. கன்னம் எரிந்தது, அதைவிடப் பசித்தது. இனி எனக்கு முன்னால் யாரும் தின்ன மாட்டார்கள், பானை திறந்ததும் முதல் வட்டில் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மண் போடச் சொன்னார்கள். சந்தோஷமாக, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன்.