பவர் கம்மி

வானம் பார்க்க மாமல்லபுரம் கடற்கரைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றுதான் பெயர். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தொப்பைக்கு மேல் ஏற்றிக் கட்டிய பெல்ட். தொலைநோக்கி வாங்கி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் கண் வைக்கும் இடத்தில் செருகும் லென்ஸ்களை வாங்கி வாங்கி, நகைக்கடைக்காரர் மாதிரி வெல்வெட் பெட்டியில் அடுக்கிவிட்டார். ஒன்றைக் கழற்றுவார், ஊதுவார், துடைப்பார், வேறொன்றைச் செருகுவார். வானத்தைவிடத் துடைக்கிற துணியைத்தான் அதிகம் பார்த்திருப்பார்.

என்னிடம் இருந்தது தொலைநோக்கியோடு வந்த ஒரே லென்ஸ்.

"இன்னா சார், வெறும் அம்பது பவரா? நம்மள்து அறுநூறு. வந்து பாரு."

பார்த்தேன். கடல்காற்றில் சனிக்கிரகம் கொதிக்கிற கஞ்சியாகத் தளும்பியது. வளையம் எங்கே என்று கேட்டேன்.

"காத்து அடிச்சிகினு கீது சார். இன்னும் பவர் ஏத்தணும்."

ஆடுகிற படத்தைப் பெரிதாக்கினால் ஆட்டம்தான் பெரிதாகும். அது அந்தத் தலையில் ஏறாது. என்னுடையதில் பார்க்கச் சொன்னேன். சனி மிளகளவுதான், ஆனால் வளையம் பளிச்சென்று தெரிந்தது. குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்த பிறகுதான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தான் கீது," என்றார். "ஆனா பவர் கம்மி."

அடுத்த முறை பெட்டியில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. எண்ணூறு பவராம். ஆனால் என் தொலைநோக்கிக்கு நின்ற வரிசையில் முதல் ஆள் அவர்தான். கையில் பெட்டி, திறக்காமல்.